'செக்' என்ற சொல்லுக்குள் ஓர் அரசன்

கேள்வி: ஒன்றரை வருடமாக ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு மொழிபெயர்த்து வருகிறேன். கடினமான கலைச்சொற்கள்கூட என்னை இவ்வளவு படுத்தியதில்லை; 'செக்' என்ற சின்னச் சொல் படுத்துகிறது. ஒரு தொற்றுநோயைப் பற்றி 'ஹெல்ட் இன் செக்' என்று வந்ததை 'பரிசோதனையில் வைக்கப்பட்டது' என்று எழுதினேன். நீதித்துறை அரசுக்கு ஒரு 'செக்' என்று வந்ததை 'அரசின் சோதனை' என்று எழுதினேன். இரண்டும் சிவப்பு மையோடு திரும்பி வந்தன. ஒருவருடைய 'செக்கர்டு கரியர்' பற்றிய வரியை 'கட்டம் போட்ட பணி வாழ்க்கை' என்று எழுதப்போய், பயந்து அப்படியே விட்டு வைத்திருக்கிறேன். சரிபார்ப்பது, தடுப்பது, காசோலை, கட்டம் போட்ட துணி, சதுரங்கத்தில் ராஜாவுக்கு வைக்கும் செக் எல்லாம் ஒரே சொல்தானா? அல்லது ஒரே மாதிரி ஒலிக்கும் வேறு வேறு சொற்களா? காசோலைக்கான சொல் அரபியிலிருந்து வந்தது என்றும் எங்கோ படித்தேன். அகராதியைத் திறந்தால் ஒரு பக்கம் முழுக்கப் பொருள்கள் இருக்கின்றன. எதை எடுப்பது என்று எப்படி முடிவு செய்வது?

பதில்: அன்புள்ள வாசகருக்கு,

எல்லாம் ஒரே சொல்தான். நீங்கள் சொன்ன ஐந்து பொருள்களும் ஒரே வேரிலிருந்து கிளைத்தவை. அந்த வேர் சதுரங்கப் பலகையில் இருக்கிறது.

உங்களுடைய இரண்டு தவறுகளும் ஒரே இடத்தில்தான் நடந்திருக்கின்றன. 'செக்' என்றதும் 'சோதி', 'சரிபார்' என்பதுதான் உங்கள் மனதில் முதலில் வந்து நிற்கிறது. அது இயல்புதான். 'செக் பண்ணிட்டியா?' என்று ஒரு நாளைக்கு எத்தனை முறை கேட்கிறோம்! ஆனால் சொல்லின் வயதை வைத்துப் பார்த்தால் அந்தப் பொருள் பின்னால் வந்தது. அதைவிட மூத்த பொருள் 'தடுத்து நிறுத்துதல்'. இருபது வருடத்துக்கு மேலாக அகராதி வேலையில் இருக்கிறேன். இந்தச் சொல் மொழிபெயர்ப்பில் தடம் புரண்டு என் மேசைக்கு வந்த இடங்களில் பெரும்பாலானவை இந்த ஒரு குழப்பத்தால் வந்தவை. அதனால் கொஞ்சம் பின்னால் போய்ப் பார்த்துவிடுவோம்.

பாரசீக மொழியில் 'ஷா' என்றால் அரசன். ஷாஜகான் என்ற பெயரில் இருக்கும் அதே ஷா. பழைய பாரசீகத்தில் இது 'க்ஷாயதிய' என்று இருந்தது. 'ஆளுதல்' என்ற பொருளுள்ள அதன் வேரும், சமஸ்கிருதத்தில் 'க்ஷத்ர' என்ற சொல்லின் வேரும் ஒன்றே. ஆக, நாம் சத்திரியன் என்று சொல்வதும் ஆங்கிலேயர் 'செக்' என்று சொல்வதும் தூரத்து உறவுக்காரச் சொற்கள். பல வருடம் பழகியும் எனக்கு இந்த உறவு இன்னும் வியப்பாகத்தான் இருக்கிறது.

விளையாட்டு இந்தியாவில் பிறந்தது. யானை, குதிரை, தேர், காலாள் என்று நான்கு உறுப்புகள் கொண்ட படை என்பதால் அதற்குச் சதுரங்கம் என்று பெயர். பாரசீகத்துக்குப் போய் அது 'சத்ரங்' ஆயிற்று. 7ஆம் நூற்றாண்டில் அரபியர் பாரசீகத்தை வென்ற பிறகு 'ஷத்ரஞ்ச்' ஆயிற்று. ஸ்பானிய மொழியில் இன்றைக்கும் சதுரங்கத்துக்கு இருக்கும் பெயர் இந்த அரபுப் பெயரிலிருந்து வந்ததுதான். ஆனால் ஐரோப்பாவின் மற்ற மொழிகள் பலவும் விளையாட்டின் பெயரை விட்டுவிட்டு, ஆடும்போது காதில் விழுந்த ஒரு குரலைப் பிடித்துக்கொண்டன. எதிராளியின் அரசனைத் தாக்கும் இடத்துக்குக் காயை நகர்த்தினால் 'ஷா!' என்று சொல்லி எச்சரிப்பது அன்றைய வழக்கம். 'உன் ராஜாவைப் பார்த்துக்கொள்' என்ற அந்த எச்சரிக்கைதான் 'செக்'. செஸ் என்ற பெயரும் அதன் பன்மை வடிவத்திலிருந்து வந்தது.

ஷா எப்படி செக் ஆனது? லத்தீனில் 'ஷ' ஒலி இல்லை. அதனால் எழுத்தில் 'ஸ்காக்குஸ்' ஆயிற்று. பழைய பிரெஞ்சுக்காரர்களுக்குச் சொல்லின் தொடக்கத்தில் 'ஸ்' என்ற மெய்யை இன்னொரு மெய்யோடு சேர்த்து அப்படியே சொல்வது சிரமம். நம்மில் பலர் ஸ்கூலை 'இஸ்கூல்' என்று சொல்கிறோமே, அதே கதைதான். நாம் 'இ' போட்ட இடத்தில் அவர்கள் 'எ' போட்டு, இதை 'எஸ்செக்' என்று ஆக்கினார்கள். ஆங்கிலம் சொல்லின் தலையை வெட்டிவிட்டு 'செக்' என்று வைத்துக்கொண்டது. 1300ஆம் ஆண்டு வாக்கில் ஆங்கில எழுத்தில் இந்தச் சொல் வந்துவிட்டது.

'செக்மேட்' என்பது 'ஷா மாத்'. அரசன் இறந்தான் என்று பல புத்தகங்களில் படித்திருப்பீர்கள். அரபியில் 'மாத' என்றால் இறந்தான் என்பது உண்மைதான். ஆனால் பாரசீகத்தில் 'மாத்' என்றால் திகைத்துப்போன, வழியற்றுப்போன என்று பொருள். நான் இரண்டாவது பக்கம்தான் நிற்பேன். சதுரங்கத்தில் மற்ற எல்லாக் காய்களும் வெட்டுப்படும். அரசனை யாரும் வெட்டி எடுப்பதில்லை. போக்கிடம் இல்லாமல் அவன் நிற்கும்போதே ஆட்டம் முடிந்துவிடுகிறது. அந்த நிலைக்கு 'வழியற்றான்' என்பதுதான் பொருத்தம்.

இப்போது பொருளுக்கு வருவோம். சதுரங்கம் ஆடியவர்களுக்கு இது எளிதாகப் புரியும். நீங்கள் பெரிய திட்டம் போட்டுக் காயை நகர்த்திக்கொண்டே போகிறீர்கள். எதிராளி செக் சொல்கிறார். உடனே உங்கள் திட்டம் எல்லாம் நின்றுவிடும். வேறு எந்த நகர்வுக்கும் இடம் இல்லை. முதலில் அரசனைக் காப்பாற்றியாக வேண்டும். வேகமாகப் போய்க்கொண்டிருந்த ஒன்று சட்டென்று நின்றுபோவது என்ற பொருள் இங்கேதான் பிறந்தது. பலகையை விட்டு வெளியே வந்ததும், வேட்டை நாய்கள் மோப்பம் தவறித் திகைத்து நிற்பதற்கும் ஆங்கிலத்தில் இதையே சொன்னார்கள். கோபத்தை அடக்குவது, குதிரையை இழுத்துப் பிடிப்பது, படையின் முன்னேற்றத்தைத் தடுப்பது எல்லாவற்றுக்கும் இதே சொல். ஐஸ் ஹாக்கியில் ஒருவரை உடம்பால் மோதி மறிப்பதற்கும் 'செக்' என்றுதான் பெயர். எதிலும் சோதனை என்ற பேச்சே இல்லை என்பதைக் கவனியுங்கள்.

அப்புறம், தவறு நடக்காமல் தடுக்கும் ஏற்பாட்டுக்கு 'செக்' என்று பெயர் வந்தது. தவறைத் தடுக்க வேண்டுமென்றால் என்ன செய்வோம்? ஒன்றை இன்னொன்றோடு ஒப்பிட்டுப் பார்ப்போம். தடுப்பு என்பது ஒப்பிடுவதாக மாறி, ஒப்பிடுவது சரிபார்ப்பதாக மாறியது. 17ஆம் நூற்றாண்டின் இறுதியில்தான் 'சரிபார்' என்ற பொருள் ஆங்கிலத்தில் தெளிவாகத் தெரிய வருகிறது. அதாவது, சொல் வந்து ஏறக்குறைய நானூறு வருடம் கழித்து.

இந்த இரண்டு பொருளும் சேரும் இடத்தைக் கண்ணால் பார்க்க வேண்டுமென்றால் 'செக் போஸ்ட்'டை நினைத்துப் பாருங்கள். குறுக்கே தடுப்புக் கட்டை இறங்குகிறது. வண்டி நிற்கிறது. ஒருவர் வந்து தாளை வாங்கி வண்டி எண்ணோடு ஒத்துப் பார்க்கிறார். கட்டை ஏறுகிறது. நிறுத்தியதும் 'செக்', பார்த்ததும் 'செக்'. தமிழில் சோதனைச் சாவடி என்று இரண்டாவது பாதியை எடுத்துக்கொண்டோம்.

கட்டம் போட்ட துணிக்கும் கணக்கு வழக்குக்கும் இந்தச் சொல் வந்தது தனிக் கிளை. எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த பகுதியும் இதுதான்.

சதுரங்கப் பலகைக்கு லத்தீனில் 'ஸ்காக்காரியும்', பழைய பிரெஞ்சில் 'எஸ்செக்கியே'. 12ஆம் நூற்றாண்டில், முதலாம் ஹென்றி காலத்திலிருந்து, இங்கிலாந்து அரசனின் வருவாய்க் கணக்கை ஒரு பெரிய மேசையின் மேல் வைத்துப் பார்த்தார்கள். சுமார் பத்தடி நீளம், ஐந்தடி அகலம். மேல் வைத்த எதுவும் உருண்டு விழாதபடி நான்கு விரல் உயரத்துக்கு விளிம்பு. அதன்மேல் கோடுகள் போட்ட கறுப்புத் துணி விரித்திருக்கும். ஒவ்வொரு மாவட்டத்துக்கும் பொறுப்பான ஷெரீஃப், ஈஸ்டர் சமயத்தில் ஒருமுறை, செப்டம்பர் கடைசியில் வரும் மைக்கேல்மஸ் சமயத்தில் ஒருமுறை என்று வருடத்துக்கு இரண்டு தடவை அங்கே வந்து உட்கார வேண்டும். பென்னிக்கு ஒரு பத்தி, ஷில்லிங்குக்கு ஒரு பத்தி, பவுண்டுக்கு ஒன்று, இருபது பவுண்டுக்கு ஒன்று, நூறுக்கு ஒன்று, ஆயிரத்துக்கு ஒன்று. கணக்கர் அந்தப் பத்திகளில் வில்லைகளை வைத்துக்கொண்டே போவார். ஷெரீஃப் தர வேண்டிய தொகை ஒரு வரிசை, அவர் தந்துவிட்ட தொகை இன்னொரு வரிசை. ரோம எண்களை வைத்துத் தாளில் கழித்தல் கணக்கு போடுவது எவ்வளவு பாடு என்று ஒருமுறை முயன்று பார்த்தால் தெரியும். இந்த மேசையில் எழுதப் படிக்கத் தெரியாத ஷெரீஃபுக்குக்கூடத் தன் பாக்கி எவ்வளவு என்று கண்ணெதிரே தெரிந்துவிடும்.

இவ்வளவும் நமக்குத் தெரிவது, அரசுப் பொருளாளராக இருந்த ரிச்சர்ட் ஃபிட்ஸ்நீல் என்பவர் 1170களின் இறுதியில் லத்தீனில் எழுதத் தொடங்கிய ஒரு நூலால். அதுவும் உங்கள் கடிதமும் என் பதிலும் போலக் கேள்வி-பதில் வடிவம்தான். மாணவன் கேட்கிறான்: இதற்கு ஏன் சதுரங்கப் பலகை என்று பெயர்? பலகையைப் போலவே தோற்றம் இருப்பதைத் தவிர வேறு உண்மையான காரணம் எனக்குத் தோன்றவில்லை என்கிறார் ஆசிரியர். பிறகு யோசித்து இன்னொன்றும் சொல்கிறார். பலகையில் இரண்டு அரசர்கள் மோதுவதுபோல, இந்த மேசையில் பொருளாளரும் ஷெரீஃபும் மோதுகிறார்கள்.

மேசையின் பெயர் அந்த அலுவலகத்துக்கே ஆகிவந்தது: 'எக்ஸ்செக்கர்'. பிரிட்டனின் நிதியமைச்சர் இன்றைக்கும் 'சான்சலர் ஆஃப் த எக்ஸ்செக்கர்'தான். அதில் இருக்கும் 'எக்ஸ்' ஒரு பிழையால் வந்தது. பிரெஞ்சில் 'எஸ்' என்று தொடங்கும் சொற்கள் பல, லத்தீன் 'எக்ஸ்' தேய்ந்து வந்தவை. இதுவும் அப்படித்தான் என்று நினைத்து, இல்லாத எக்ஸைத் திருத்தமாகச் சேர்த்துவிட்டார்கள். கட்டம் போட்ட துணி, கார் பந்தய முடிவில் ஆட்டும் கட்டக் கொடி எல்லாம் இந்தப் பலகையின் கட்டங்களிலிருந்து வந்தவை.

அடுத்தது காசோலை. எக்ஸ்செக்கரில் பணம் கட்டியவருக்கு ரசீதாக ஒரு மரக்குச்சி தருவார்கள். தொகைக்கு ஏற்ப அதில் வெட்டுகள் இருக்கும். ஆயிரம் பவுண்டுக்கு உள்ளங்கை அகலம், நூறு பவுண்டுக்குக் கட்டைவிரல் அகலம், இருபதுக்குச் சுண்டுவிரல் அகலம். வெட்டு போட்டபின் குச்சியை நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து ஆளுக்கு ஒரு பாதி. பின்னால் தகராறு வந்தால் இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்க்க வேண்டியதுதான். ஒருவர் தன் பாதியில் இன்னொரு வெட்டு போட்டிருந்தால் காட்டிக் கொடுத்துவிடும். இந்தக் குச்சிகள் 19ஆம் நூற்றாண்டு வரை வழக்கில் இருந்தன. தேவையில்லாமல் குவிந்துபோனவற்றை 1834 அக்டோபர் 16 அன்று நாடாளுமன்றக் கட்டடத்தின் அடுப்புகளில் போட்டு எரித்தபோது, தீ பரவி அந்தக் கட்டடத்தின் பெரும்பகுதி எரிந்துபோனது.

குச்சியின் இடத்துக்குத் தாள் வந்த பிறகும் இரண்டு பாதி என்ற யோசனை போகவில்லை. 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கருவூலப் பத்திரத்தின் அடிக்கட்டைக்கு 'செக்' என்று பெயர் இருந்தது. கிழித்துக் கொடுத்த தாளை அடிக்கட்டையோடு பொருத்திப் பார்த்தால் போலி எது என்று தெரிந்துவிடும். மோசடியைத் தடுப்பது என்பதால் அது 'செக்'. முதலில் அடிக்கட்டைக்கு இருந்த பெயர், அந்த மாதிரி அடிக்கட்டை வைத்த தாளுக்கும், பிறகு வங்கியில் பணம் எடுக்கும் ஓலைக்கும் வந்துசேர்ந்தது. நீளமான பாதிக் குச்சியை ஆங்கிலத்தில் 'ஸ்டாக்', அதாவது மரக்கட்டை என்றார்கள். நாமும் ரசீதுப் புத்தகத்தில் நம்மிடம் நிற்கும் துண்டை அடிக்கட்டை என்றுதான் சொல்கிறோம். யாரைப் பார்த்து யாரும் சொன்னதில்லை; இரண்டு மொழிக்கும் கண்ணில் பட்டது ஒரே மரம்.

எழுத்துக்கூட்டு மாறியது இன்னும் பின்னால். 19ஆம் நூற்றாண்டில் பிரிட்டிஷ் வங்கிக்காரர்கள், மற்ற 'செக்'குகளோடு குழம்பாமல் இருக்கவும் எக்ஸ்செக்கரோடு ஒத்துப்போகவும் கடைசியில் க்யூ, யூ, ஈ போட்டு எழுதத் தொடங்கினார்கள். அமெரிக்கர்கள் பழைய சி, கே வடிவத்தை விடவில்லை. அதனால் அமெரிக்கக் கட்டுரை ஒன்றில் சி, கே வந்தாலும் அது காசோலையாக இருக்கலாம். உணவகத்தில் கொண்டுவரும் பில்லாகவும் இருக்கலாம்.

நீங்கள் படித்த அரபுக் கதையில் பாதி உண்மை இருக்கிறது. அரபியில் 'ஸக்' என்றால் எழுதிக் கொடுத்த பத்திரம். இடைக்கால வணிகர்கள் பணம் தரச் சொல்லி அப்படி எழுதிக் கொடுத்ததும் உண்மை. இன்றைய இஸ்லாமிய நிதித்துறையில் 'சுகூக்' என்று சொல்வது அதன் பன்மை. ஆனால் ஆங்கிலச் சொல் அதிலிருந்து வந்திருந்தால், முதலில் பணம் தரச் சொல்லும் ஓலையைத்தான் குறித்திருக்க வேண்டும். கையில் இருக்கும் பழைய சான்றுகளில் அது அடிக்கட்டையைக் குறிக்கிறது. 17ஆம் நூற்றாண்டில் லண்டன் வணிகர்கள் காசோலை போன்ற ஓலைகளை எழுதியபோதும் அவற்றுக்கு 'செக்' என்ற பெயர் இல்லை. ஒலி ஒத்துப்போவதை மட்டும் வைத்து உறவு சொன்னால், செக் குடியரசையும் எண்ணெய் ஆட்டும் செக்கையும்கூட இந்தக் குடும்பத்தில் சேர்க்க வேண்டிவரும். அவை இரண்டும் முற்றிலும் வேறு சொற்கள்.

இந்த அடிக்கட்டைப் பொருள் உங்கள் வேலையில் இன்னொரு இடத்தில் காலை வாரும். விமானப் பயணம் பற்றிய குறிப்புகளில் 'செக்டு பேகேஜ்' என்று வரும். 'பரிசோதிக்கப்பட்ட பெட்டி' என்று எழுதியதைப் பல தடவை திருத்தியிருக்கிறேன். பெட்டியைக் கொடுத்துவிட்டு அதற்கு ஈடாக ஒரு வில்லையோ சீட்டோ வாங்கிக்கொள்வது பழைய வழக்கம். அந்தச் சீட்டுக்கு 'செக்' என்று பெயர். ஆக, அது 'ஒப்படைத்த பெட்டி'. கையோடு எடுத்துப் போகும் பெட்டியையும்தானே பரிசோதிக்கிறார்கள்! 'ரெயின் செக்' என்பதும் சீட்டுதான். 1880களில் அமெரிக்காவில் மழையால் பேஸ்பால் ஆட்டம் நின்றுபோனால், வேறொரு நாள் வந்து பார்க்கக் கொடுத்த சீட்டு. இன்று ஓர் அழைப்பை ஏற்க முடியாதபோது 'இன்னொரு நாள் பார்த்துக்கொள்வோம்' என்று சொல்வதற்கு அது பயன்படுகிறது.

சரி, எதை எடுப்பது என்று முடிவு செய்வது எப்படி? அகராதியைத் திறப்பதற்கு முன் வாக்கியத்தைக் காட்சியாகப் பாருங்கள். ஏதாவது நகர்கிறதா, வளர்கிறதா, பரவுகிறதா? அதை எதாவது மறிக்கிறதா? அப்படியானால் தடு, அடக்கு, கட்டுப்படுத்து, கடிவாளம் என்ற பக்கம் போங்கள். இரண்டு விஷயம் ஒத்துப்போகிறதா என்று யாராவது பார்க்கிறார்களா? அப்போது சரிபார், சோதி. கையிலிருந்து கைக்கு ஏதாவது மாறுகிறதா? சீட்டு, ரசீது, காசோலை. இந்த மூன்றிலும் அடங்காமல் வெறுமனே கண்ணைத் திருப்பச் சொல்லும் இடங்களும் உண்டு. தூங்கும் குழந்தையை 'செக்' செய்யச் சொன்னால் சரிபார்க்க எதுவும் இல்லை; 'குழந்தையை ஒரு எட்டு பார்த்துவிட்டு வா' என்பதுதான் தமிழ். எல்லாவற்றுக்கும் பொருந்தும் ஒரே தமிழ்ச் சொல்லைத் தேடாதீர்கள். அப்படி ஒன்று இல்லை, தேவையும் இல்லை.

ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். நம் பேச்சில் அந்த மூத்த பொருள் உயிரோடுதான் இருக்கிறது. 'அவருக்கு நல்லா செக் வெச்சுட்டாங்க' என்று சொல்லும்போது யாரும் பரிசோதனையை நினைப்பதில்லை. ஆளை நகரவிடாமல் மறித்துவிட்டார்கள் என்று உடனே புரிகிறது. ஆங்கிலப் பக்கத்தில் இந்தச் சொல்லைப் பார்த்ததும் 'செக் பண்ணு' என்பதற்கு முன்னால் இந்த 'செக் வை'யை ஒருமுறை போட்டுப் பாருங்கள்.

உங்கள் வரிகளுக்கு வருகிறேன். தொற்றுநோய் 'கட்டுக்குள் வைக்கப்பட்டது'. அல்லது வாக்கியம் இடம் கொடுத்தால் 'மேலும் பரவாமல் தடுக்கப்பட்டது'. நீதித்துறை பற்றிய வரியில் 'அரசு வரம்பு மீறாமல் நீதித்துறை தடுக்கிறது' என்று வினையாக மாற்றி எழுதுங்கள். ஆங்கிலத்தில் பெயர்ச்சொல்லாக இருப்பதால் தமிழிலும் பெயர்ச்சொல்லாகவே இருக்க வேண்டும் என்று ஒன்றும் இல்லை. சுருக்கமாக வேண்டுமென்றால் 'அரசுக்கு ஒரு கடிவாளம்' என்றும் சொல்லலாம். கடிவாளத்தில் இழுத்துப் பிடிப்பதும் இருக்கிறது, ஓடவிடுவதும் இருக்கிறது. 'செக் அண்ட் பேலன்ஸ்' என்று இரட்டையாக வந்தால் 'ஒன்றையொன்று கட்டுப்படுத்திச் சமன்செய்யும் ஏற்பாடு' என்று நான் எழுதுவேன். நீளம்தான், ஆனாலும் படிப்பவருக்குப் புரியும்.

'செக்கர்டு கரியர்' என்பதில் 'கட்டம் போட்ட' என்று எழுதாமல் நிறுத்தியது நல்லதாகப் போயிற்று. பலகையில் வெள்ளைக் கட்டமும் கறுப்புக் கட்டமும் மாறி மாறி வருவதுபோல நல்லதும் கெட்டதும் மாறி வந்த வாழ்க்கை அது. 'ஏற்ற இறக்கங்கள் நிறைந்த பணி வாழ்க்கை' என்று எழுதலாம். ஆனால் ஆங்கிலக் கட்டுரை அந்த மனிதரைக் குறை சொல்லும் தொனியில் இருந்தால் அது போதாது. அந்தத் தொடரில் கறுப்புக் கட்டங்களைச் சுட்டிக்காட்டும் தொனி அடிக்கடி வரும். அப்போது 'சறுக்கல்களும் நிறைந்த' என்று எழுதுங்கள்.